பதிவேடு பூட்டிய அலுமாரிக்குள்: வேலைதருநர் நொடித்த பின் பதினொரு கட்டடப் பயிலுநர்கள்
(நிகழ்வு ஆய்வு, திருகோணமலை, 2021–2023)

பின்னணி

2021 பெப்ரவரியில் எங்கள் பயிற்சி நிலையத்திலிருந்து பதினொரு பேரைத் திருகோணமலையில் இருந்த ஒரு நடுத்தரக் கட்டட நிறுவனத்துக்குப் பயிலுநர்களாக அனுப்பினோம். ஏழு பேர் மேசன் வேலை, மூன்று பேர் பலகை அடிப்பு, அதாவது கொங்கிரீட் ஊற்ற அச்சுப் பலகை அமைக்கும் வேலை. மற்றவர் ஒரு பெண் பிள்ளை, படவரைஞராகப் பயில வந்தவர். கிண்ணியா, மூதூர், தம்பலகாமம், சாம்பல்தீவு என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்தவர்கள். மூத்தவருக்கு 24 வயது, இளையவருக்கு 18 அப்போதுதான் நிரம்பியிருந்தது.

நிறுவனம் நல்ல பெயர் உள்ளது. நிலாவெளிப் பக்கம் ஒரு ஹோட்டல் விரிவாக்கம், ஒரு அரச பாடசாலைக் கட்டடம், சில தனியார் வீடுகள் என்று கையில் வேலை இருந்தது. முதலாளி தனி ஆள். கம்பனியாகப் பதியாமல் தன் பெயரில் வியாபாரம் நடத்தினார். இது பிறகு முக்கியமாகப் போகிறது என்று அப்போது எங்களுக்குத் தோன்றவில்லை.

ஏற்பாடு வழக்கமானதுதான். பதினெட்டு மாதம் சைட்டில் வேலை பழக வேண்டும். மாதாமாதம் ஒரு கொடுப்பனவு. ஒவ்வொரு நாளும் என்ன வேலை செய்தார்கள் என்று பயிற்சிப் பதிவேட்டில் எழுத வேண்டும், சைட் பொறியியலாளர் வாரம் ஒருமுறை கையெழுத்து வைக்க வேண்டும். முடிவில் அந்தப் பதிவேட்டை வைத்துக்கொண்டு, என்.வி.கியூ. என்று எல்லோரும் சொல்லும் தேசிய தொழிற்தகைமைக்கான மதிப்பீட்டுக்குப் போகலாம். நான்காம் மட்டம் கிடைத்தால் முழுத் தொழிலாளி. இங்கே அதற்கு மதிப்பு உண்டு, வெளிநாட்டுக்குப் போகிறவனுக்கு இன்னும் அதிகம்.

கொரோனாக் கட்டுப்பாடுகளால் 2021 இல் வேலை பல தடவை நின்றது. அதனால் 2022 ஓகஸ்ட்டில் முடிய வேண்டிய பயிற்சியை டிசம்பர் வரை நீட்டியிருந்தோம்.

கண்முன் இருந்தும் வாசிக்காதது

2022 மார்ச்சில் ரூபாவின் பெறுமதி விழுந்தது. ஏப்ரல் 8 ஆம் திகதி மத்திய வங்கி வட்டி வீதத்தை ஒரே நாளில் 7 வீதப் புள்ளிகள் கூட்டியது. நான்கு நாள் கழித்து நாடு வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவை நிறுத்துவதாக அறிவித்தது. ஒரு வருடத்துக்கு முன் ஆயிரம் ரூபாவை ஒட்டியிருந்த 50 கிலோ சீமெந்து மூடை, 2022 நடுப்பகுதியில் மூவாயிரத்தைத் தொட்டது. பழைய விலைக்கு ஒப்பந்தம் எடுத்த கட்டடக்காரர் எல்லோரும் ஒரே குழிக்குள் விழுந்தார்கள். செய்த வேலைக்கு பில் போட்டால் காசு வருவதில்லை, கடைக்காரன் கடனுக்குச் சீமெந்து கொடுப்பதில்லை, வங்கிக் கடனின் வட்டி ஏறிக்கொண்டே போகிறது.

இதெல்லாம் பத்திரிகையில் இருந்தது. எங்கள் பிள்ளைகள் வேலை செய்த சைட்டில் இது எப்படித் தெரிந்தது என்பதுதான் நாங்கள் தவறவிட்டது.

ஏப்ரல் கடைசியில் நான் மாதாந்தப் பார்வைக்குப் போனேன். மூன்று பையன்கள் நிழலில் இருந்து பழைய பலகையில் பிடுங்கிய ஆணிகளைச் சுத்தியலால் நிமிர்த்திக்கொண்டிருந்தார்கள். "என்ன தம்பி, இண்டைக்கு இதுவா வேலை?" என்று கேட்டேன். "நாலு நாளா இதுதான் சேர்" என்றான் ஒருவன். சிரித்துவிட்டு நகர்ந்தேன். பதிவேட்டைத் திறந்து பார்த்தால் "சைட் சுத்தம் செய்தல்", "கல் அடுக்குதல்", "ஆணி பிரித்தல்" என்று பக்கம் பக்கமாக இருந்தது. பத்து மணிக்குக் கொடுக்கும் பிளேன்டீ நின்றுவிட்டதாக இன்னொருவன் சொன்னான். கந்தளாயிலிருந்து வந்து மேசன் வேலை சொல்லிக்கொடுத்த சிங்கள பாஸ் (தேர்ந்த தொழிலாளியை இங்கே அப்படித்தான் அழைப்போம்) புதுவருடத்துக்கு ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. அதைவிடப் பெரியது, பெப்ரவரி நடுப்பகுதிக்குப் பிறகு ஒரு கையெழுத்தும் இல்லை. கேட்டதற்கு, "பிறகு மொத்தமாப் போடுவம் எண்டு சேர் சொன்னவர்" என்றார்கள்.

சரி, அடுத்த மாதம் பார்க்கலாம் என்று வந்துவிட்டேன். மே மாதம் பெற்றோல் இல்லாததால் பார்வைக்கே போகவில்லை.

கதவு பூட்டப்பட்ட வாரம்

ஜூன் நடுவில் ஒரு ஞாயிறு இரவு சைட் மேற்பார்வையாளரிடமிருந்து பையன்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு குரல் பதிவு வந்தது. நாளைக்கு வர வேண்டாம், வேலை தொடங்கினால் சொல்கிறேன். அவ்வளவுதான். புதன்கிழமை நகரத்து அலுவலகத்துக்குப் போனேன். ஷட்டர் இழுத்துப் பூட்டியிருந்தது. முதலாளியின் போன் இயங்கவில்லை. மார்ச், ஏப்ரல், மே என்று மூன்று மாதக் கொடுப்பனவு பாக்கி என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. பிள்ளைகள் ஏன் சொல்லவில்லை என்றால், பாஸ்மாருக்கே நாலு மாதச் சம்பளம் இல்லை, அதற்குள் நாங்கள் எப்படிக் கேட்பது என்றார்கள்.

நாங்கள் எடுத்த முதல் முடிவு, உடனே வேறு இடம் தேடுவது. இரண்டு வாரம் முழுக்க அதில் போனது. தெரிந்த ஒப்பந்தக்காரர் பத்துப் பன்னிரண்டு பேருக்கு போன் பண்ணினேன். எல்லோரும் மரியாதையாகவே மறுத்தார்கள். தன் ஆட்களையே வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருப்பவர் பயிலுநரை எங்கே எடுப்பார்? அந்த இரண்டு வாரத்தில் நடந்த வேறு விடயங்களைப் பார்த்தால், இது தவறான வரிசை. இடம் ஜூனிலும் கிடைக்கவில்லை, ஜூலையிலும் கிடைக்கவில்லை; அது காத்திருக்கும். காத்திருக்காத ஒன்று அந்தப் பூட்டிய அலுவலகத்துக்குள் இருந்தது.

கிண்ணியாவில் ஒரு பையன் வீட்டுக்குப் போனபோதுதான் அது உறைத்தது. அவனுடைய வாப்பா திண்ணையில் இருந்தபடி கேட்டார்: "சேர், இவ்வளவு நாள் படிச்சதுக்குக் கையில என்ன இருக்கு?" பையன் தலையைக் குனிந்தான். பதிவேடு எங்கே என்று கேட்டேன். "ஒபிஸ் அலுமாரிக்குள்ள சேர். எல்லார்ர புக்கும் அங்கதான்."

பதிவேடுகளைத் தேடி

அன்று மாலையே நிலையத்தில் நாங்கள் மூன்று பேர் உட்கார்ந்து பேசினோம். ஒருவர் பொலிசில் முறைப்பாடு போட்டுத் திறக்க வைக்கலாம் என்றார். நான் வேண்டாம் என்றேன். முறைப்பாடு என்றதும் முதலாளி பக்கம் முழுக்க மூடிக்கொள்ளும், அதற்குள் பொறியியலாளரும் போய்விடுவார் என்பது என் பயம். அவர் கட்டாரில் வேலை கிடைத்து, விசா வந்து, டிக்கெட்டும் எடுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டிருந்தோம். புறப்பட இன்னும் பத்து நாள்தான்.

சாவி ஸ்டோர்கீப்பரிடம் இருந்தது. பாலையூற்றில் வீடு. சைக்கிளில் போனேன். ஜூன் 28 முதல் ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்று அறிவித்திருந்தார்கள், அந்த நாட்களில் இந்த வேலை முழுவதும் சைக்கிளிலும் நடையிலும்தான் நடந்தது. மனிதர் திறக்க மறுக்கவில்லை, பயந்தார். பொருள் ஏதும் காணாமல் போனால் தன் தலையில் விழும் என்றார். நியாயம்தான். கடைசியில் முதலாளியின் மனைவியிடம் போனில் பேசி, அவர் சம்மதம் சொன்ன குரல் பதிவை வைத்துக்கொண்டு, கிராம உத்தியோகத்தரையும் கூட்டிப்போய் அலுமாரியைத் திறந்தோம். எடுத்ததற்கு ஒரு பட்டியல் எழுதி மூவரும் கையெழுத்து வைத்தோம். பதிவேடுகளைத் தவிர ஒரு காகிதத் துண்டும் எடுக்கவில்லை.

ஆறு புத்தகங்கள் கிடைத்தன. நிலாவெளி சைட் கொட்டிலில் மூன்று இருந்தன, வெறும் சீமெந்து மூடைகளுக்கு அடியில். கறையான் நடுவில் துளை போட்டு ஒரு பக்கமாகத் தின்றிருந்தது. மிச்சம் இரண்டைக் கடைசி வரை காணவில்லை.

பொறியியலாளரைப் பிடித்தது அவர் கொழும்புக்குப் புறப்படுவதற்கு இரண்டு நாள் முன். வீடு முழுக்கப் பெட்டி. ஒன்பது புத்தகங்களையும் மேசையில் வைத்தோம். பெப்ரவரியிலிருந்து ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். சிலவற்றில் கையெழுத்து வைத்தார், சிலவற்றில் மறுத்துவிட்டார். "நான் கண்ணால பார்க்காததுக்குக் கையெழுத்து வைக்க மாட்டன்" என்றார். எங்களுக்குக் கோபம் வந்தது. ஆள் போகப்போகிறார், பேனையை ஓட்டிவிட்டுப் போனால் என்ன என்று நினைத்தேன். இதை ஒளிப்பதில் அர்த்தமில்லை, அப்படித்தான் நினைத்தேன். ஆனால் எட்டு மாதம் கழித்து மதிப்பீட்டாளர் இருவரும் அந்தப் புத்தகங்களைப் பார்த்தபோது, கையெழுத்து இல்லாத பக்கங்கள் நடுவே இருந்ததால்தான் கையெழுத்து உள்ள பக்கங்களை நம்பினார்கள்.

புத்தகம் இல்லாதவர்களுக்கு

இரண்டு பேருக்குப் புத்தகமே இல்லை, மூன்று பேருக்கு அரைப் புத்தகம். இவர்களுக்கு முன்கற்றலை அங்கீகரிக்கும் வழியைத் தேர்ந்தோம். அந்த முறையில் வகுப்புப் பதிவு கட்டாயம் இல்லை. செய்த வேலைக்கான ஆதாரங்களை ஒரு கோவையாகச் சேர்த்துக் கொடுக்கலாம், அப்புறம் மதிப்பீட்டாளர் முன் செய்து காட்ட வேண்டும்.

ஆதாரம் எங்கே என்றால், பையன்களின் போனில். நாங்கள் சைட்டில் போன் பாவிக்காதே என்று ஏசிய அதே போன். ஒருவன் தான் கட்டிய சுவருக்கு முன்னால் நின்று எடுத்த படங்கள் நாற்பதுக்கு மேல் வைத்திருந்தான், திகதியோடு. இன்னொருவன் மூலைக்கு நூல் பிடித்துக் கல் வைக்கும்போது நண்பன் எடுத்த வீடியோ இருந்தது, பின்னணியில் சினிமாப் பாட்டோடு. பாட்டை எடுக்கவா என்று கேட்டான். தேவையில்லை, தூக்குக்குண்டு தெளிவாகத் தெரிகிறது என்றோம்.

கந்தளாய் பாஸை அவருடைய ஊர்ப் பையன் ஒருவன் மூலம் கண்டுபிடித்தோம். தனக்குச் சம்பளம் வராத கோபம் இருந்தும், பஸ் ஏறித் திருகோணமலைக்கு வந்தார். ஒவ்வொருவனும் எதைத் தனியாகச் செய்வான், எதை ஆள் நின்றால் மட்டும் செய்வான் என்று பிரித்துச் சொல்ல, ஐந்து கடிதங்களைச் சிங்களத்தில் எழுதிக் கையெழுத்து வைத்தார். அந்தப் பிரிப்பை எங்கள் படிவம் எதுவும் கேட்டதில்லை. வழிச்செலவுக்குக் காசு நீட்டினோம், வாங்கவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போனார்.

படவரைஞர் பிள்ளையின் நிலை வேறு. அவர் வரைந்த படங்களின் பிரதி பென்டிரைவில் இருந்தது. ஆனால் படங்கள் நிறுவனத்துடையவை, வீடுகள் வாடிக்கையாளர்களுடையவை. இதை ஆதாரமாகக் கொடுக்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தோம். உரிமையாளர் பெயர், காணி இலக்கம், முகவரி எல்லாவற்றையும் அழித்துவிட்டு, எந்தப் பகுதியை அவர் வரைந்தார் என்று மட்டும் குறித்துச் சேர்த்தோம். முதலாளியின் மனைவிக்கும் சொல்லிவிட்டுத்தான் செய்தோம். வேறு சைட்டுக்கு அனுப்ப அவருடைய அம்மா சம்மதிக்கவில்லை. செப்டெம்பரில் நகரத்தில் ஒரு கட்டடக் கலைஞரின் அலுவலகத்தில் இடம் கிடைத்ததும் அனுப்பினார்.

பணம்

பாக்கிக்கு முறைப்பாடு செய்வதா வேண்டாமா என்பதில் பிள்ளைகள் பிரிந்தார்கள். பெயர் கெட்டுவிடும், திருகோணமலை சின்ன ஊர், வேறு ஆள் எடுக்க மாட்டான் என்ற பயம். இந்தப் பயத்தை நாங்கள் லேசாக எடுக்கவில்லை, உண்மையாகவே அப்படி நடப்பதுண்டு. ஆகவே எல்லோரையும் ஒரே மனுவில் இழுக்காமல், உரிமை என்ன என்று விளக்கிவிட்டு முடிவை அவரவரிடம் விட்டோம். ஐந்து பேர் தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுத்தார்கள்.

அங்கே போன பிறகுதான் இன்னொன்று தெரிந்தது. ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதியத்துக்குச் சம்பளத்தில் ஊழியரின் பங்கு 8 வீதம், வேலைதருநரின் பங்கு 12 வீதம், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு வேலைதருநர் மட்டும் 3 வீதம். இது நிரந்தர ஊழியருக்கு மட்டும் என்று பலரும், எங்களில் சிலரும்கூட, நினைத்திருந்தோம். தற்காலிக, அமய, பயிலுநர் என்ற வேறுபாடு இல்லாமல் முதல் நாளிலிருந்தே சேமலாப நிதியம் பொருந்தும். பதினொரு பேரில் நான்கு பேருக்கு மட்டும் நிதிய இலக்கம் இருந்தது. அந்த நால்வருக்கும் 2021 நவம்பருக்குப் பிறகு காசு கட்டப்படவில்லை. தாமதக் கட்டணம் 5 வீதத்தில் தொடங்கி ஒரு வருடம் கடந்தால் 50 வீதம் வரை ஏறும் என்பதால், முதலாளியின் கடன் ஒவ்வொரு மாதமும் தானாக வளர்ந்தது.

முதலாளி ஒக்டோபரில் விசாரணைக்கு வந்தார். மெலிந்து போயிருந்தார். ஏமாற்றுக்காரர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்கும் வர வேண்டிய பில் காசு வராமல் கிடந்தது. ஆனால் தன் பெயரில் வியாபாரம் செய்தவர் என்பதால் கம்பனி கலைப்பு, கலைப்பாளர் என்ற ஒழுங்கு எதுவும் இல்லை. வீடு, லொறி, மிக்சர், கடன்காரர் எல்லாம் ஒரே மூட்டை. ஆறு தவணையில் கொடுப்பதாக ஒத்துக்கொண்டார். இரண்டு தவணை வந்தது.

இடம் தேடுதல், இரண்டாம் தடவை

ஓகஸ்ட்டில் எரிபொருளைப் பங்கிடும் கியூ.ஆர். குறியீட்டு முறை வந்து மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் பெற்றோல் கிடைக்கத் தொடங்கியதும் ஆட்கள் நடமாடினார்கள். இந்தத் தடவை பெரிய ஒப்பந்தக்காரரை விட்டுவிட்டு, மதில், கிணறு, வீட்டுத் திருத்தம் செய்யும் சின்ன பாஸ்மாரிடம் போனோம். பயிலுநர் என்று கேட்காமல், "பாதி பழகிய கையாள், வாரத்தில் நாலு நாள்" என்று கேட்டோம். ஐந்து பேருக்கு இடம் கிடைத்தது. நாட்கூலியும் வந்தது. வீட்டில் அரிசி வாங்கக் காசு தேவைப்பட்ட நேரத்தில் கொடுப்பனவைவிட அது பெரிது. புதிய இடங்களைப் பயிற்சி ஒப்பந்தத்தில் சேர்க்க எழுதிக் கொடுத்து, அனுமதி வர ஏழு வாரம் ஆனது.

வெள்ளி, சனியில் எங்கள் முற்றத்தில் பயிற்சி. மூவாயிரம் ரூபாச் சீமெந்தில் பழக முடியாது. சுண்ணாம்பும் மணலும் குழைத்துச் சுவர் கட்டி, திங்கட்கிழமை பிரித்து, கல்லைச் சுரண்டிக் கழுவி, திரும்பக் கட்டினோம். மூலை, பிணைப்பு, பூச்சு எல்லாம் இப்படிப் பழகலாம். படிக்கட்டும் கொங்கிரீட் தட்டும் பழக முடியாது. அந்த இடைவெளியை நாங்கள் அடைக்கவில்லை.

மூன்று பேரை இழந்தோம். சாம்பல்தீவுப் பையன் மாமாவோடு கடலுக்குப் போனான். ஓகஸ்ட்டில் படகுக்கு ஊற்றும் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ஆகி அங்கேயும் அடி விழுந்தது, ஆனாலும் திரும்பி வரவில்லை. தம்பலகாமத்தவர் வயலுக்குப் போனார். மூன்றாமவர் துபாய்க்கு. அந்த வருடம் 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலைக்காக நாட்டை விட்டுப் போனார்கள், அதில் இவரும் ஒருவர். மதிப்பீடு வரை நாலு மாதம் பொறு என்று கேட்டேன். "அம்மாட நகை அடகில சேர், நாலு மாசத்தில மூழ்கிப்போகும்" என்றான். அதற்கு மேல் என்ன சொல்வது? சான்றிதழ் இல்லாததால் அங்கே கையாளாகத்தான் சேர்த்தார்கள்.

மதிப்பீடு

2023 மார்ச்சில் எட்டுப் பேர் மதிப்பீட்டுக்குப் போனார்கள். மேசன் ஐந்து பேரில் மூவருக்கு நான்காம் மட்டம், ஒருவருக்கு மூன்றாம் மட்டம். ஐந்தாமவர் படிக்கட்டுக்குப் பலகை அளந்து குறிக்கத் தெரியாமல் நின்றார், தகுதி பெறவில்லை. பலகை அடிப்பு இருவருக்கும் மூன்றாம் மட்டம். படவரைஞர் பிள்ளைக்கு நான்காம் மட்டம். கறையான் தின்ற புத்தகம் கொண்டுபோன மூவரில் இருவர் நான்காம் மட்டம் பெற்றவர்கள். பாஸின் கடிதத்தைத்தான் மதிப்பீட்டாளர் முதலில் கேட்டு வாங்கி வாசித்தார். படிக்கட்டில் நின்றவர் இப்போது உப்புவெளியில் ஒரு மாடி வீட்டு சைட்டில் இருக்கிறார். மறுபடி போகப்போவதாகச் சொல்கிறார்.

இப்போது வேறுவிதமாகச் செய்வது

பதிவேடு இனி நிறுவனத்தில் தங்காது. பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோகும், வாரக் கடைசியில் பக்கத்தைப் படம் எடுத்து எங்களுக்கு அனுப்பும். மூன்று வாரம் கையெழுத்து இல்லையென்றால் பார்வைத் திகதிக்குக் காத்திராமல் அன்றே சைட்டுக்குப் போகிறோம். ஆணி நிமிர்த்தும் வேலை தொடர்ந்து இரண்டு வாரம் பதிவேட்டில் வந்தாலும் அப்படித்தான். ஒரு நிறுவனத்துக்கு நாலு பேருக்கு மேல் அனுப்புவதில்லை. பதினொரு பேரை ஒரே கூடையில் போட்டது எங்களுக்குப் போக்குவரத்து வசதி என்பதற்காக மட்டும்தான். அனுப்பும் நாளிலேயே சேமலாப நிதி இலக்கம் கேட்கிறோம். இதற்காக ஒரு நிறுவனம் பயிலுநர் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. சரி என்று விட்டோம்.

செய்யாமல் விட்டது ஒன்று இருக்கிறது. அலுமாரியைத் திறந்து தந்த ஸ்டோர்கீப்பருக்கும் நாலு மாதச் சம்பளம் பாக்கி. அவர் எங்கள் பட்டியலில் இல்லாததால் முறைப்பாடு எழுத அவரைக் கூட்டிப்போக யாருக்கும் தோன்றவில்லை. 2023 மே மாதம் அவரே நிலையத்துக்கு வந்து, "பிள்ளையளுக்கு எழுதின மாதிரி எனக்கும் ஒண்டு எழுதித் தருவீங்களா?" என்று கேட்டார். அன்றே எழுதினோம். விசாரணை இந்த அறிக்கை எழுதும் வரை முடியவில்லை. மூன்றாவது தவணையும் வரவில்லை.